திரும்பி வந்த மகளும் நான்காம் தானமும்

தன் வீட்டு விளக்கு அணைந்து கிடக்கையில் அயல் வீட்டு விளக்குக்கு எண்ணெய் கேட்டு ஒருவர் தெருவில் இறங்கலாமா? இக்கேள்வியை நான் ஒரு பெண்ணிடம் நேராகவே கேட்டேன். அறிவுரை சொல்வதாக எண்ணித்தான் கேட்டேன். அதனுள் அறிவைக் காட்டிலும் அதிகாரமே மிகுந்திருந்தது என்பது பின்னரே எனக்குப் புலப்பட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் விடைத்தாளில் சிவப்பு மையால் பிழை திருத்தியவள் நான். இம்முறை அந்த மை என் விடைத்தாளிலும் படட்டும் என்றே இக்கட்டுரையை எழுத முற்படுகிறேன்.

அப்பெண் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. பெயர் வேண்டா. நெல்லும் மணிலாவும் பயிரிடும் நம் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தாள். வணிகவியலில் பட்டம் பெற்ற மறு ஆண்டே திருமணம் நடந்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில் கணினித் துறையில் பணி செய்பவர். ஊரே சென்று வாழ்த்திற்று. நானும் சென்று வாழ்த்தினேன். எட்டாண்டுகள் கழித்து, 2021ஆம் ஆண்டில், இரண்டு பெட்டிகளோடு அவள் தனியே திரும்பி வந்தாள்.

என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. எனக்கே முழுவதும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை என்பதுதான் இக்கட்டுரையின் சாரம். ஆயினும் நம் பெண்களை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கணவரின் பணி விசாவைச் சார்ந்து அமெரிக்கா செல்லும் மனைவியின் தங்கும் உரிமை, அந்தத் திருமணத்தையே பற்றி நிற்பது. மணமுறிவுத் தீர்ப்பு வந்ததும் அவ்வுரிமையும் முடிந்துவிடும். அத்தகைய விசாவில் வேலை பார்க்கும் அனுமதியும் எல்லோர்க்கும் இல்லை. 2015ஆம் ஆண்டு முதல் ஒரு சாரார்க்கு மட்டுமே அது கிடைத்துள்ளது. ஆகவே இல்லறம் முறியும்போது அவளுக்கு வீடு, நாடு, வருவாய் மூன்றும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும். நம் ஊரில் ஒருத்தி பிறந்தகம் திரும்பினால் ஒரு பேருந்தில் திரும்புகிறாள். இவளோ ஒரு வாழ்க்கை முழுவதையும் இருபத்து மூன்று கிலோப் பெட்டி இரண்டில் அடைத்துக்கொண்டு திரும்பினாள்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் ஜைனர்க்கும் பொருந்தும். கணவன் மனைவி இருவரும் ஒப்பிப் பிரியும் வழி 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதில் சேர்ந்தது. அவ்வழியில் இங்குள்ள குடும்ப நீதிமன்றத்திலேயே அவர்களது வழக்கு முடிந்தது. ஒருவர்மீது ஒருவர் பழி கூறவில்லை. நீதிமன்றத்துக்கு அது போதுமானதாக இருந்தது, ஊருக்குத்தான் போதவில்லை.

தாயார் தொடக்கத்தில், "விடுமுறைக்கு வந்திருக்கிறாள்" என்றே அண்டை அயலாரிடம் கூறி வந்தார். அந்த விடுமுறை பதினான்கு மாதங்கள் நீடித்தது. கோயிலுக்கு வந்தால், "மாப்பிள்ளை எப்போது வருகிறார்?" என்று கேட்பார்கள். விடை தெரிந்தவர்களே மிகுதியாகக் கேட்டார்கள். நாளடைவில் அவள் வழிபாட்டுக்குக் கூட்டம் கலைந்த பின்னரே வரத் தொடங்கினாள்.

அவ்வேளையில்தான் ஒரு நிகழ்ச்சி. அவள் தந்தையாரின் நிலத்தில் முன்பு வேலை செய்த முதியவர் ஒருவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. வாரம் இரண்டு முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு, டயாலிசிஸ் என்று எல்லோரும் சொல்கிறோமே அதற்கு, நகரத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவர் மனைவி காய்ச்சலாய்க் கிடந்த ஒரு நாள் இவள் துணைக்குப் போனாள். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விடியற்காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய முறை போயிற்று. சிகிச்சை ஏறக்குறைய நான்கு மணி நேரம். முடிந்து எழும்போது தலை சுற்றும், கால் தள்ளாடும். அந்நிலையில் பேருந்து நிறுத்தத்தில் காத்திருத்தல், இறங்கியபின் ஊர்வரை ஆட்டோவுக்குக் கொடுத்தல், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி இழப்பு. "மருத்துவம் இலவசம் டீச்சர், மருத்துவத்துக்குப் போய்ச் சேருவதுதான் விலை" என்றாள் பிறகு என்னிடம். பணம் இல்லாத வாரத்தில் பலர் ஒரு முறையை விட்டுவிடுகின்றனர். உடலில் நீரும் நஞ்சும் சேர்ந்து மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவில் வந்து விழுகின்றனர்.

அடுத்த கிழமை அவள் ஒரு குறிப்பேட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். சுற்றியுள்ள ஊர்களில் அவ்வாறு சிகிச்சைக்குச் செல்வோர் ஒன்பது பேர். அவரவர் செல்லும் நாள், தொலைவு, செலவு எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். ஒரு வாடகை வண்டியை நாள் முறை பிரித்து ஓட்டினால் மாதம் இவ்வளவு ஆகும் என்று கடைசி வரியில் கூட்டியிருந்தாள். வீடு வீடாக நன்கொடை கேட்கப் போவதாகவும் நான் உடன் வர வேண்டுமென்றும் கூறினாள்.

நான் சொன்னது இது: "முதலில் உன் வாழ்வை நேராக்கிக்கொள், அம்மா. ஒரு வேலை தேடு; மனம் ஆறட்டும். தருமம் எங்கும் ஓடிப் போகாது. இப்போது நீ நன்கொடை என்று வாசலில் நின்றால் ஊர் நோயாளியைப் பற்றிப் பேசாது. உன்னைப் பற்றித்தான் பேசும்."

அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "என் மனம் ஆறும் வரைக்கும் அவர்கள் உடம்பு காத்திருக்குமா டீச்சர்?" என்றாள்.

விடை கூற இயலவில்லை. உடன் போனேன். ஆனால் கால்தான் போயிற்று. மனம் என் சொல்லிலேயே நின்றது. அன்று முதல் அச்சொல்லை ஆராய்ந்து வருகிறேன். அதனுள் மூன்று தடைகள் அடங்கியிருப்பதைக் கண்டேன். அவற்றை ஒவ்வொன்றாக வாசகர்கள் முன் வைக்கிறேன்.

முதல் தடை, தன்னைச் சீர்செய்துகொண்ட பின்னரே பிறர்க்கு உதவ வேண்டும் என்பது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் தேவபூசை, குருவழிபாடு, நூலோதல், புலனடக்கம், தவம், தானம் என்று இல்லறத்தார்க்கு நாள்தோறும் விதிக்கப்பட்ட ஆறு கடமைகளுள் தானமும் ஒன்று. வீடு மகிழ்ச்சியாய் இருக்கும் நாளில் மட்டும் செய்க என்று அங்கே விதி இல்லை. குறையுடைய மனிதர்க்கே இல்லறக் கடமைகள். குறை நீங்கியவர்க்கு அவை எதற்கு? காலில் புண் இருப்பவன் கையால் ஒருவனைத் தூக்கிவிடக் கூடாதா? முறிந்தது மணவாழ்வு. அவளுடைய கணக்கறிவும் இரக்கமும் அதனோடு சேர்ந்து முறியவில்லை. ஒரு பகுதி முறிந்ததால் முழு மனிதரே முறிந்ததாக முத்திரை குத்துவது நம் பார்வையின் பிழை. ஒரு பொருளைப் பல கோணங்களில் நின்று காண வேண்டும் என்று அநேகாந்தம் பேசும் நாம், ஒரு பெண்ணை மட்டும் ஒரே கோணத்தில் நின்று பார்க்கலாமா?

இரண்டாம் தடை, துயரை மறப்பதற்காகச் செய்யும் தருமம் தருமமாகாது என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. துயரத்திலிருந்து ஓடுவதற்காகவே அறச்செயலில் இறங்குவோர் அச்செயல் சோர்வு தரும்போது அதனின்றும் ஓடிவிடுவர். ஆனால் துயரத்திலிருந்து பிறந்த அறமெல்லாம் போலி என்றால் நம் வரலாற்றில் எதுவும் மிஞ்சாது.

பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பையை எண்ணிப் பாருங்கள். சாளுக்கியப் படைத்தலைவன் நாகதேவனின் மனைவி. அவனையே மணந்திருந்த அவள் தங்கை குண்டமப்பை, அவன் இறந்தபோது உடன் தீப்பாய்ந்து மாண்டாள். அத்திமப்பை வாழ்ந்தாள். கைக்குழந்தையை வளர்த்தாள். பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்துக்கு ஓலைச்சுவடியில் ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினாள். அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஆயிரம் படிகள் என்றால் எத்தனை கைகள், எத்தனை நாள்கள், எத்தனை பனையோலை! கவிஞர் இரன்னர் 993ஆம் ஆண்டில் அஜித புராணத்தை இயற்றியது அவள் ஆதரவில்தான். இலக்குண்டியில் அவள் எழுப்பிய ஜினாலயம் இன்றும் நிற்கிறது. துயரை மறக்கத்தான் செய்தாள் என்று அவளைப் பற்றி யாரேனும் சொன்னதுண்டா? "தான சிந்தாமணி" என்றே உலகம் அழைத்தது. தங்கை எரிந்ததை அக்காலம் பெருமை என்றிருக்கும். வாழ்ந்து கொடுத்தவளையே நாம் இன்று நினைவில் வைத்திருக்கிறோம்.

இன்னொருவர் நமக்கு அண்மைக் காலத்தவர், ருக்மாபாய். பதினோராம் வயதில் மணம் செய்விக்கப்பட்டவர். வளர்ந்தபின் அக்கணவரோடு வாழ மறுத்தார். கணவர் 1884ஆம் ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1887ஆம் ஆண்டில், கணவரிடம் செல்க, இன்றேல் ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பாயிற்று. சிறைக்கே செல்வேன் என்றார் ருக்மாபாய். நாடெங்கும் அவரை ஏசினர், போற்றினோரும் உண்டு. 1888ஆம் ஆண்டில் 2000 ரூபாய் பெற்றுக்கொண்டு கணவர் விலகிக்கொண்டார். மறு ஆண்டு ருக்மாபாய் ஆதரவாளர் உதவியோடு இங்கிலாந்து சென்று மருத்துவம் கற்றார். 1894ஆம் ஆண்டில் தகுதி பெற்றுத் தாய்நாடு திரும்பினார். அங்கேயே தங்கியிருந்தால் ஏச்சு கேட்காமல் வாழ்ந்திருக்கலாம். ஏசிய நாட்டுக்கே வந்து, சூரத்திலும் பின்னர் ராஜ்கோட்டிலுமாக ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் பெண்களுக்கு மருத்துவம் செய்தார். 1955ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். மணமுறிவைச் சட்டமாக்கி நம் பெண்களுக்கும் வழி திறந்த சட்டம் வந்ததும் அவ்வாண்டே.

இவ்விருவரும் துயரின்றி இருந்தனர் என்று நான் கூறவில்லை. துயர் ஒரு பக்கம் இருக்க, கை தன் வேலையைச் செய்தது என்றே கூறுகிறேன்.

மூன்றாம் தடை, பெயருக்காகச் செய்கிறாள் என்னும் ஐயம். இழந்த மதிப்பை நன்கொடை திரட்டி மீட்கப் பார்க்கிறாளோ என்று ஒருவர் என்னிடமே கேட்டார். மனத்தின் பாவனையே வினைக்கு வித்து என்பது நம் கொள்கை. ஆகவே ஐயம் தவறன்று. ஆனால் அதை எல்லோரிடமும் ஒரே அளவாகக் கேட்கிறோமா? குழல் விளக்கின் வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதிய கோயில்கள் நம்மிடையே உண்டு. அவரிடம் சென்று உம் பாவனை தூயதா என்று யாரும் கேட்பதில்லை. வாழ்வில் இடறியவரிடம் மட்டும் கேட்கிறோம். இழந்த மதிப்பை நல்ல செயலால் மீட்க ஒருவர் விரும்பினால்தான் அதில் என்ன குற்றம்? தீய செயலால் மீட்பதைவிட அது எவ்வளவோ மேல் அல்லவா?

இனி, நான் உடன் சென்று கண்டதைச் சொல்கிறேன். தனக்காகக் கேட்பவன் தன் வறுமையைக் காட்ட வேண்டியிருக்கிறது. பிறர்க்காகக் கேட்பவர் தம் நேர்மையைக் காட்டினால் போதும். அந்த முறையில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊரில் முன்பே பதிவாகியிருந்த சிறு அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்தே திரட்டினாள். பத்து ரூபாய்க்கும் ரசீது. இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடைக்காது என்று கொடுப்பவர்க்கு முன்பே சொல்லிவிடுவாள்.

அமெரிக்காவில் பழகிய தோழியர் சிலர் செய்தி அறிந்து பெருந்தொகை அனுப்ப முன்வந்தனர். அவர்களுள் இந்தியக் குடியுரிமை உடையோர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பியதை ஏற்றாள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றோர் தருவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதைப் பெறலாகாது. எனவே நன்றி கூறி மறுத்துவிட்டாள். அது வண்டிக்கு ஐந்து மாத வாடகை. "யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார் அறக்கட்டளைப் பெரியவர் ஒருவர். "கணக்கெழுதும் எனக்குத் தெரியுமே ஐயா" என்றாள். எட்டாம் வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே அவள் கணக்கைக் கற்றிருந்தாள்.

ஆனால் வாசல்களில் வேறொரு கணக்கு நடந்தது. ஒரு வீட்டில் அம்மையார் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஏன் அம்மா, நீ கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா? அவர் குடிப்பாரா? அடித்தாரா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். தாள் மட்டும் கையைவிட்டு வரவில்லை. இவள் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, "பெயர் எப்படி எழுதட்டும் அம்மா?" என்று மட்டும் கேட்டாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "ஐந்நூறு ரூபாய்க்கு என் கதையை விலைக்குக் கேட்கிறார்கள் டீச்சர்."

இச்சொல் என்னைச் சுட்டது. அந்த அம்மையார் கெட்டவர் அல்லர். ஆண்டுதோறும் அன்னதானம் செய்பவர். நானும் அவ்வாறுதானே கேட்டேன்? அவர் நேராகக் கேட்டார். நான் அறிவுரையின் உருவில் கேட்டேன். இங்கேதான் நாம் ஓர் எல்லைக்கோடு வரைய வேண்டும். நன்கொடை கேட்டு வருபவரிடம் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். அவருடைய வாழ்வுக்குக் கணக்குக் கேட்பது உரிமையன்று. ரசீதுக்கு ஈடாக ஒருவரது துயரத்தைப் பெற எண்ணினால் அது தானமாகாது, வாணிபம்.

மறுபக்கத்தையும் கூற வேண்டும். இல்லையேல் இது புகழுரையாகிவிடும். நன்கொடை திரட்டியதால் அவள் துயர் தீர்ந்துவிடவில்லை. மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததும் உண்டு. அந்நாள்களில் குறிப்பேட்டை நான் எழுதினேன். பிறர்க்கு உதவினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இத்தகையோர்க்குச் சொல்லாதீர்கள். அறம் மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை அன்று.

ஒரு முறை, கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்த நகை முழுவதையும் விற்று வண்டி வாங்கிவிடலாம் என்றாள். "இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?" என்றபோது அவள் குரலில் ஈகையைவிட வெறுப்பே மிகுந்திருந்தது. அன்று நான் தடுத்தேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை. பரிமித பரிக்கிரகம் என்னும் அணுவிரதம் உடைமைக்கு அளவு வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. அளவு என்பது மேலெல்லைக்கு மட்டும் உரியதன்று என்பது என் கருத்து. தனித்து வாழப் போகும் பெண் நாளை எவரிடமும் கையேந்தாதிருக்க எவ்வளவு தேவையோ அதனைக் கொடுத்துவிடுதல் ஈகையாகாது. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யற்க என்னும் அகிம்சையில் தன் உயிரும் அடங்கும். தன்னைத் தண்டித்துக்கொள்வதற்காகக் கொடுப்பவர், தாம் குற்றவாளி என்னும் ஊரின் தீர்ப்புக்குத் தாமே கையொப்பம் இடுகிறார். அவள் நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்தாள். சில மாதங்களில் நகரத்து அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதும் வேலையும் கிடைத்தது. எட்டாண்டு இடைவெளியை எண்ணித் தயங்கிய முதலாளி, நன்கொடைக் கணக்கேட்டைப் பார்த்த பின்னர்த் தயங்கவில்லை. வண்டிக் கணக்கை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறாள்.

அட்சய திருதியையின் வரலாறு நம் குழந்தைகளுக்கும் தெரியும். துறவு பூண்ட விருஷப தேவர் உணவின் பொருட்டு ஊர்களுக்கு எழுந்தருளினார். மக்கள் அன்பில்லாதவர் அல்லர். பொன் கொண்டு வந்தனர். மணி கொண்டு வந்தனர். யானையும் குதிரையும் கொண்டு வந்து நிறுத்தினர். அவருக்கு வேண்டியது ஒரு கை உணவு. அதை எவ்வாறு அளிப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாதங்கள் பல கழிந்தன. இறுதியில் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன்தான் முறையறிந்து கருப்பஞ்சாறு அளித்தான். கொடுக்கும் மனம் மட்டும் போதாது. எதிரில் நிற்பவர்க்கு எது வேண்டும் என்னும் அறிவும் வேண்டும் என்பதையே நான் இவ்வரலாற்றில் காண்கிறேன்.

அயல்நாட்டிலிருந்து தனியே திரும்பிய அப்பெண்ணுக்கும் நாம் நிறையவே கொண்டு சென்றோம். அறிவுரை கொண்டு சென்றோம். பரிவு கொண்டு சென்றோம். இரண்டாம் வரன்களின் சாதகம் கொண்டு சென்றோம். அவளுக்கு வேண்டியதோ, கேள்வியின்றி வந்து அமர ஓர் இடம். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று நான்கு தானங்களை நாம் ஓதுகிறோம். முதல் மூன்றுக்கும் பொருள் வேண்டும்; ஆயினும் மகிழ்ந்து செய்கிறோம். நான்காவதற்குக் காசே வேண்டா. அதில்தான் கை சுருங்குகிறது. அபயத்தை விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உரியதாக மட்டும் எண்ணிவிட்டோமோ என்னவோ. இரத்தின கரண்டக சிராவகாசாரம் தானத்தை எண்ணுமிடத்தில் உறைவிடத்தை ஒன்றாக வைக்கிறது. துறவியரை முன்னிட்டுச் சொல்லப்பட்டதே எனினும் எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அச்சமின்றி இருக்கக் கிடைக்கும் இடமே உறைவிடம். சுவரும் கூரையும் மட்டும் அதைத் தந்துவிடா.

இந்தத் தானத்தைச் செய்யும் முறை கடினமானதன்று. திரும்பி வந்த மகளிடம் "எப்போது போகிறாய்?" என்று கேளாதிருத்தல். "விடுமுறை" என்று பொய் சொல்லும் நிலையை அவள் தாய்க்கு உண்டாக்காதிருத்தல். மங்கலக் காரியங்களில் அவளை ஓரத்தில் நிறுத்தாதிருத்தல். அவள் ஒரு பொதுக் காரியத்துக்கு வந்தால் காரியத்தை மட்டும் ஆராய்தல். அவள் ஓய வேண்டும் என்றால் ஓயவும் விடுதல். தொண்டு செய்தால்தான் மன்னிப்பு என்னும் நிலை வந்துவிடலாகாது. அவள் நன்கொடை திரட்டாமல் வீட்டில் வெறுமனே இருந்திருந்தாலும் இந்த அபயம் அவளுக்கு உரியதே. நம் குடும்பங்களுக்கு நான் வலியுறுத்த விரும்புவது இந்தக் கடைசிச் செய்தியே.

சென்ற அட்சய திருதியை அன்று எங்கள் ஊர்க் கோயிலில் கருப்பஞ்சாறு வழங்கினோம். ஆண்டுதோறும் முதல் குவளையை மூத்த சுமங்கலி ஒருவர் எடுத்துக் கொடுப்பது வழக்கம். அன்று அவள் கூட்டம் கலையும்வரை காத்திராமல் தாயாரோடு வந்து வரிசையில் நின்றாள். அன்னதானம் செய்யும் அந்த அம்மையார்தான், ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பற்றிக்கொண்டிருந்தவர்தான், தம் கையிலிருந்த அகப்பையை அவளிடம் நீட்டினார். "நீ ஊற்று அம்மா, எனக்குக் கை வலிக்கிறது" என்றார். கை வலித்ததோ இல்லையோ நான் கேட்கவில்லை.

அவள் ஊற்றினாள். நானும் ஒரு குவளை வாங்கிக்கொண்டேன்.